வடிதாள்

லோதி ரோட்டில் ஐந்தாம் மாடி.
ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று நான்தான் சொன்னேன்.
மொட்டைமாடிக் கருவியைக் காற்றை உறிஞ்சவிட்டு
வெள்ளையாய் வைத்த தாளை
மறுநாள் கறுப்பாய் எடுப்பது என் உத்தியோகம்.
எடை பார்த்து, எழுதி, உறையிலிட்டு
குளிர்பெட்டியில் அடுக்குவேன்.
இன்று மைக்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

நீள்மேசை, குட்டிக் கொடிகள், முந்திரி பிஸ்கட்.
டாக்காக்காரர் இருமினார்.
"உங்கள் ஊர் இருமலா, எங்கள் ஊர் இருமலா?"
யாரோ கேட்க ஒரு சிரிப்பு.
அது அடங்குவதற்குள்
இன்னும் மூன்று பேர் இருமினார்கள்.

லாகூர் நாற்காலி காலி. விசா வரவில்லை.
சுவர்த்திரையில் நுஸ்ஹத்
உறைந்து, அசைந்து, மறுபடி உறைந்தாள்.
அவள் முதுகுக்குப் பின் ஒரு ஜன்னல்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம்.
என் ஜன்னலும் அதே நிறம்.

காலை முழுக்க ஒரு சொல்லிலேயே போயிற்று.
"அளவுகளைப் பகிர்வோம்" என்பதா,
"பகிர்வது குறித்துப் பரிசீலிப்போம்" என்பதா.
சாப்பாடு வரும்வரை பரிசீலித்தார்கள்.

தெற்கே பிறந்தால் தென்றல்,
வடக்கே வாடை, மேற்கே கோடை, கிழக்கே கொண்டல்.
நான் கொண்டுவந்த காற்றுகள் இவ்வளவுதான்.
வடமேற்குக்கு ஒரு பெயர் தேடிப்
பன்னிரண்டு நவம்பராய் அந்த மாடியில் நிற்கிறேன்.
அறுவடை முடிந்த வயலில் நிற்பதும் தாள்,
கருவியில் நான் வைப்பதும் தாள்.
அங்கே எரிந்த தாள்
இங்கே என் தாளில் வந்து படிகிறது.
பஞ்சாப் வாசனை.
எந்தப் பஞ்சாப் என்று
மூக்குக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில நாள் காற்று திரும்பும்.
மழை கொண்டுவரும் என்று கொண்டலுக்கு வைத்த பெயர்,
அன்றைக்கு நம் டீசலையும் செங்கல் சூளையையும்
நுஸ்ஹத் வீட்டு மாடிக்குக் கொண்டுபோகும்.

அவளை நான் பார்த்ததில்லை.
மூன்று வருஷத்துக்கு முன் நடுராத்திரியில் ஒரு மெயில்:
"மூன்று மணி முதல் உங்கள் அளவு பூஜ்யம்.
டெல்லிக்குச் சொர்க்கம் வந்துவிட்டதா,
பம்ப் செத்துவிட்டதா?"
பம்ப்தான்.
கம்பளியோடு மாடியேறி ஃப்யூஸ் மாற்றினேன்.
நம் காற்றை அங்கே ஒருத்தி
தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன குளிரில் அவளிடம் தாள் தீர்ந்துபோனது.
தபால் இல்லை. கூரியர் கைவிரித்தான்.
ஐம்பது தாள் கொண்ட பெட்டி ஒன்று
காட்மாண்டுக்குத் திரும்பிய திலமாயாவின் பையில்,
சால்வைக்கும் மருமகன் ஷூவுக்கும் நடுவே புறப்பட்டு,
தோஹா சுற்றி லாகூர் சேரப்
பத்தொன்பது நாள்.
புகைக்கு ஒரு ராத்திரி போதும்.

ஐந்து மணிக்குத் தீர்மானம் வந்தது.
"பரிசீலிப்போம்" ஜெயித்திருந்தது.
கைதட்டலில் நானும் தட்டினேன்,
மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுபோல.
திரையில் நுஸ்ஹத் எதையோ சொன்னாள்.
ஒலி வரவில்லை. வாயசைவு
உர்தூவா பஞ்சாபியா தெரியாது. கையை மட்டும்
கழுத்துப் பக்கம் உயர்த்தி
ஏதோ மாட்டுவதுபோலக் காட்டினாள்.

லிஃப்ட் வாசலில் திலமாயா
தன் சால்வைப் பொதியிலிருந்து ஓர் உறை எடுத்தாள்.
அவளுக்கும் அதுதான் உத்தரவாம்: கழுத்தில் மாட்டிய
பையிலேயே வைத்துக் கொண்டுவரணும், மடிக்கக் கூடாது.
உள்ளே நான் அனுப்பிய தாளில் ஒன்று,
லாகூரில் ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்கியது.
அதே தேதியில் என்னிடமும் ஒன்று இருந்தது.

எல்லோரும் போனபின் இரண்டையும் எடை போட்டேன்.
அவளுடையது நாற்பது மைக்ரோகிராம் கூட.
பயணத்தில் ஈரம் ஏறியிருக்கலாம்.

பதிவேட்டில் ஒரு கட்டம் பாக்கி:
எந்த வகையில் பெறப்பட்டது?
கொள்முதல் இல்லை, நன்கொடை இல்லை,
ஒப்பந்தம், அதுதான் இன்னும் பரிசீலனையில்.
அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வாங்கி
வட்டியின்றித் திருப்பும் காசுக்கு
எங்கள் தெருவில் ஒரு சொல் உண்டு.

கைமாற்று, என்று எழுதினேன்.
ஆடிட்டுக்கு வருகிற ராவத்துக்குத் தமிழ் வராது.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.